பழைய சின்ன மார்ட்டின் கிட்டார்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் மார்ட்டின் கம்பெனி 1930களிலிருந்து 1960கள் வரை செய்த 0-18, 00-18 கிட்டார்கள் உருவத்தில் சின்னவை, எடையும் குறைவு. மேல்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் மஹோகனி. உடம்பின் அகலமான இடம் 0 அளவில் சுமார் 34 செ.மீ., 00 அளவில் சுமார் 36 செ.மீ. யாரோ பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒன்று கைக்கு வந்தால், பார்ப்பதற்குப் புதுசு மாதிரியே இருக்கும். வாசிக்க உட்கார்ந்த பிறகுதான் குறை தெரியும்: கம்பி எட்டாத உயரத்தில் நிற்கும், எங்கோ ஒரு கரகரப்பு கேட்கும், கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மேடு தட்டியிருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இரண்டே இரண்டு. பல பத்தாண்டுகளாகக் கம்பிகள் இழுத்த இழுப்பு ஒன்று, மரம் காய்ந்துபோனது இன்னொன்று. 12-53 செட்டை (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம், மிகத் தடித்தது 0.053 அங்குலம்) சரியான சுருதியில் கட்டினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கும். ஏறக்குறைய 3 மி.மீ. தடிமனுள்ள ஒரு பலகை அதைத் தாங்கி நிற்கிறது. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பற்றிப் பேசினாலும் என் வரிசை ஒன்றுதான்: திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற வேலையை முதலில் செய்யுங்கள், மரத்தைச் சீவுகிற வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

ஒலித்துளை வழியாக டார்ச் அடித்து, நெக் (கழுத்து) வந்து சேரும் உள்கட்டையைப் பாருங்கள். வரிசை எண் அங்கே குத்தியிருக்கும். 1930 அக்டோபருக்குப் பிறகு செய்தவற்றில் எண்ணுக்கு மேலே மாடல் பெயரும் இருக்கும். 1950ஆம் ஆண்டின் கடைசி எண் 117961, 1960இன் கடைசி எண் 175689. உங்கள் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அது 1951 முதல் 1960 வரைக்குள் செய்த கிட்டார்.

ஆண்டு தெரிந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும். 1934 முதல் 1967 வரை நெக்குக்குள் இருப்பது டி வடிவ எஃகுப் பட்டை. அதற்கு முன்பும், உலகப் போர் ஆண்டுகளில் எஃகு கிடைக்காதபோதும், கருங்காலிப் பட்டை வைத்தார்கள். முடுக்கி நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் மார்ட்டினில் 1985இல்தான் வந்தது. ஆகவே சாவி போடும் துளையைத் தேட வேண்டாம், அது இல்லை. கிப்சன் எல்-00, எல்ஜி-2 வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய டிரஸ் ராட் ஹெட்ஸ்டாக்கில் (டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதியில்) உள்ள சின்ன மூடிக்கு அடியில் இருக்கும். போர்க்காலத்துக் கிப்சன் சிலவற்றில் மட்டும் அது இருக்காது.

கிட்டார் 1922க்கு முந்தையது என்றால் ஸ்டீல் கம்பியே போடாதீர்கள். மார்ட்டின் வழக்கமாகவே ஸ்டீல் கம்பியோடு விற்ற முதல் மாடல் 1922இன் 2-17. அதற்கு முந்தையவற்றை ஆட்டுக்குடல் நரம்புக் கம்பிக்காகத்தான் செய்தார்கள். அவற்றில் நைலான் மட்டும் போடுங்கள்.

அப்புறம் ஈரப்பதம். பெட்டிக்குள் ஒரு ஈரப்பதமானி வையுங்கள். 45 முதல் 50 சதவீதத்தில் இரண்டு வாரம் இருந்த பிறகுதான் கிட்டாரை அளக்க ஆரம்பிக்க வேண்டும். குளிர்நாட்டில் ஹீட்டர் ஓடும் மாதங்களில் வீட்டுக்குள் அது 20 சதவீதம் வரைக்கும் இறங்கும். அப்போது மேல்பலகை உள்வாங்கிக் கம்பி தாழ்ந்துவிடும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் நேர்மாறாகப் பலகை உப்பிக் கம்பி உயரும். இந்த நிலையில் அளந்து சேடிலை (பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் பட்டையை) சீவினால் பருவம் மாறியதும் வேறு கிட்டார் ஆகிவிடும்.

அறிகுறி: கம்பி உயரமாக இருக்கிறது, ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மேல் அழுத்த முடியவில்லை

பன்னிரண்டாம் ஃபிரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின்) உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். ஆறாம் கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 மி.மீ. அளவில் இருந்தால் பெரும்பாலானோருக்கு வசதி. 3.5 மி.மீ. காட்டினால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நெக்கின் வளைவு. ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினான்காம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம் ஃபிரெட் அருகே கம்பிக்கு அடியில் விசிட்டிங் கார்டு ஒன்று சிக்காமல் நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் பரவாயில்லை. இரண்டு கார்டு தாராளமாக நுழைந்தால் நெக் வளைந்திருக்கிறது. டிரஸ் ராட் இல்லாத நெக்கை நிமிர்த்த, அனுபவமுள்ளவர்கள் அடிப்பகுதி சற்றுத் தடித்த ஃபிரெட்களைப் போட்டு அந்த நெருக்கத்தாலேயே நிமிர்த்துவார்கள். வீட்டில் செய்கிற வேலை அல்ல.

இரண்டு, சேடில். பிரிட்ஜுக்கு மேலே அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? 3 மி.மீ. இருந்தால் இறக்க இடம் இருக்கிறது. சேடிலை 1 மி.மீ. குறைத்தால் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அரை மி.மீ. குறையும். அசல் சேடிலை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, புதிதாக எலும்பில் ஒன்று செய்து அதைச் சீவுங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த மார்ட்டின்களில் சேடில் பிரிட்ஜின் இறக்கைச் சரிவு வரை நீளமாக ஓடும், பள்ளத்தில் ஒட்டியும் இருக்கும். குறடு போட்டு இழுத்தால் பிரிட்ஜ் பிளக்கும். சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும்.

மூன்று, நெக்கின் கோணம். பெரும்பாலும் பழுதின் வேர் இங்கேதான் இருக்கும். நீளமான இரும்பு ஸ்கேல் ஒன்றை ஃபிரெட்களின் மேல் நடுவாக வைத்துப் பிரிட்ஜை நோக்கி நகர்த்துங்கள். நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போனால் கோணம் சரி. பிரிட்ஜின் முகத்தில், விளிம்புக்கு ஒன்றரை இரண்டு மி.மீ. கீழே இடித்தால் நெக் ரீசெட், அதாவது நெக்கைக் கழற்றிக் கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்டும் வேலை, தேவை. இது யாருடைய தவறும் இல்லை. இழுப்பில் உடம்பு மெல்லச் சுருண்டு நெக் முன்னுக்குச் சாய்கிறது. ஸ்டீல் கம்பி கட்டிய பழைய கிட்டார் எதுவாக இருந்தாலும் ஒருநாள் இந்த வேலை வரத்தான் செய்யும்.

இந்த இடத்தில்தான் நிறையக் கிட்டார்கள் பாழாகியிருக்கின்றன. ரீசெட் செலவைத் தவிர்க்க, பிரிட்ஜின் மேல்பக்கத்தையே சீவிக் கம்பியை இறக்கிவிடுவார்கள். அசல் பிரிட்ஜின் தடிமன் சுமார் 8 முதல் 9 மி.மீ. உங்களுடையது 6 மி.மீ. என்றால் யாரோ சீவியிருக்கிறார்கள். சீவிய பிரிட்ஜில் கம்பி பலகையை அசைக்கும் நெம்புவிசை குறைந்து சத்தம் ஒடுங்கும், பிரிட்ஜும் கம்பி முனைகளைப் பிடிக்கும் பின்கள் (முளைகள்) இறங்கும் துளைகள் வழியே பிளக்கும். வாங்கும் முன் இந்த ஒரு அளவை எடுத்துப் பாருங்கள், பேரம் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ரீசெட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். நெக்கும் உடம்பும் புறாவால் இணைப்பில் (புறாவின் வால்போல விரிந்த நாக்கு பள்ளத்துக்குள் உட்காரும் முறையில்) பூட்டியிருக்கும், 1960களின் தொடக்கம் வரை செய்தவற்றில் ஒட்டியிருப்பது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. பதினைந்தாம் ஃபிரெட்டை மட்டும் கழற்றி, அந்தப் பள்ளத்திலேயே சின்னத் துளை போட்டு, ஊசி வழியாக நீராவியை இணைப்புக்குள் விடுவார்கள். பசை இளகிய வாசனை வரும், கொஞ்ச நேரத்தில் நெக் மெதுவாக அசைந்து மேலே கழன்று வரும். பிறகு ஹீலின் (நெக் உடம்பைத் தொடும் குதிப்பகுதியின்) அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய ஆப்பு அளவுக்கு மரம் எடுப்பார்கள். எவ்வளவு தெரியுமா? சேடிலில் 3 மி.மீ. உயரம் திரும்பக் கிடைக்க, ஹீல் நுனியில் சுமார் 1 மி.மீ. எடுத்தால் போதும். மறுபடி வஜ்ஜிரம் போட்டே ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை திறக்கப் போகிறவருக்கு அது பெரிய உதவி. எபாக்ஸி போடுகிறேன் என்கிறவரிடம் கிட்டாரைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: பிரிட்ஜுக்குப் பின்னால் மேடு, முன்னால் பள்ளம்

லேசான மேடு இயல்புதான். ஸ்டீல் கம்பிக் கிட்டாரின் பலகை முழுத் தட்டையாக இருப்பதில்லை. கம்பிகளைத் தளர்த்தினாலும் மேடு அப்படியே நின்றால், அல்லது ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் பலகை குழிந்திருந்தால் உள்ளே பார்க்க வேண்டும்.

முதலில் பிரிட்ஜின் பின்விளிம்பு. மெல்லிய பில் காகிதத் துண்டு ஒன்றை விளிம்புக்கு அடியில் செருகிப் பாருங்கள். ஒட்டு நன்றாக இருந்தால் காகிதம் நுழையவே நுழையாது. இரண்டு மி.மீ. நுழைந்து நின்றால் கவனித்துக்கொண்டு வாசிக்கலாம். பின் துளை வரிசையை நோக்கி வழுக்கிக்கொண்டே போனால் அன்றைக்கே கம்பியைத் தளர்த்திவிடுங்கள். பிரிட்ஜ் பிய்ந்து வரும்போது ஸ்ப்ரூஸின் நார்களையும் உரித்துக்கொண்டு வரும், அதை நிரப்புவது எளிதல்ல. போல்ட் போட்டு இறுக்குவது தீர்வு ஆகாது. சூடாக்கிக் கழற்றி, பழைய பசையைச் சுத்தம் செய்து, திரும்ப ஒட்டுவதுதான் முறை.

அடுத்தது பலகைக்கு அடியில் இருக்கும் பிரிட்ஜ் பிளேட். 1960களின் பிற்பகுதி வரை அது சின்னதாக, மேப்பிளில் இருக்கும். கம்பியின் உருண்டை முனை வருடக்கணக்கில் அதைக் குடைந்துவிடும். பல் மருத்துவர் கண்ணாடி மாதிரி ஒன்றை ஒலித்துளை வழியாக விட்டுப் பாருங்கள். உருண்டைகள் ஆறும் மரத்தில் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். சில உருண்டைகள் துளைக்குள் பாதி புகுந்து, கம்பியின் முறுக்கிய பகுதி சேடில் மேலேயே வந்து நின்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது. துளைகளை மட்டும் மேப்பிள் துண்டு வைத்து அடைத்துத் திரும்பத் துளைப்பது போதுமானது. பிளேட்டையே பிடுங்கிப் பெரிதாகப் புதுசு வைப்பதை நான் கடைசி வழியாகக்கூடச் சொல்லமாட்டேன். பெரிய பிளேட் பலகையை விறைக்கவைக்கும், பழைய குரல் போய்விடும்.

அறிகுறி: கரகரப்பு

இதில் எங்கே, எப்போது என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

அழுத்தாமல் வாசிக்கும்போது மட்டும் கரகரத்தால் நட்டின் (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டையின்) பள்ளம் தேய்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் கம்பிக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துப் பாருங்கள், நின்றுவிட்டால் உறுதி. ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் வந்தால் அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கும், அல்லது அழுத்துகிற ஃபிரெட் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். மூன்று ஃபிரெட்களின் மேல் ஒரு சின்னப் பட்டையை வைத்து ஆட்டினால் எழும்பியது தெரிந்துவிடும். 1934க்கு முந்தைய மார்ட்டின்களில் தலை அகன்ற ஃபிரெட் இல்லை, செவ்வகப் பட்டை ஃபிரெட்தான். அதற்கு அந்த வேலை தெரிந்தவரைத்தான் தேட வேண்டும்.

எந்தக் கம்பியில் எங்கே அழுத்தினாலும் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போது மட்டும் ஜிர்ரென்றால், ஃபிரெட்டை விட்டுவிடுங்கள். உடம்பில் ஏதோ தளர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து ஆரம்பியுங்கள்: டியூனர் திருகுகள், ஹெட்ஸ்டாக்கில் டியூனர் தண்டைச் சுற்றியிருக்கும் உலோக வளையம், நீளமாக விட்ட கம்பி நுனி, தளர்ந்த பிரிட்ஜ் பின், பிக்கார்டின் (மேல்பலகையில் கீறல் விழாமல் ஒட்டிய தகட்டின்) எழும்பிய விளிம்பு. ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திக்கொண்டு அதே சுரத்தை இன்னொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். சத்தம் நின்ற இடம்தான் குற்றவாளி.

வெளியே எதுவும் இல்லையென்றால் பிரேஸ், அதாவது பலகைகளின் உட்புறம் ஒட்டிய தாங்குசட்டம். கம்பிகளை ஒரு துணியால் அடக்கிவிட்டு, மேல்பலகையையும் முதுகையும் விரல் மூட்டால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் கனமான தெளிவான சத்தம் வரும். பிரேஸ் முனை விட்டிருந்தால் சத்தம் தளர்ந்து, கூடவே ஒரு சின்னச் சலசலப்பு கேட்கும். முதுகின் பிரேஸ் முனைகள்தான் அதிகம் விடும். உள்ளே கண்ணாடி வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் பிரேஸுக்கும் பலகைக்கும் நடுவில் மயிரிழை நிழல் தெரியும். ஒட்டுவது எளிது: வஜ்ஜிரத்தைச் சூடாக உள்ளே தள்ளி, உள்ளிருந்து முட்டுக்கொடுத்துப் பிடித்தால் போதும்.

உள்ளே பார்க்கும்போது பழைய பழுதின் தடங்களையும் வாசியுங்கள். பென்சில் குறி, ஒட்டுத்துண்டு, தேதி எல்லாமே சாட்சிகள். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயேஸின் 1929 வருட 0-45ஐ மார்ட்டின் ஆட்கள் 1990களில் திறந்தபோது, முன்பு பழுது பார்த்த யாரோ ஒருவர் மேல்பலகையின் உட்பக்கத்தில் ‘கம்யூனிஸ்டாக இருக்கிறாயே, பாவம்’ என்கிற பொருளில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்தார்களாம். அப்படி எதையும் அழித்துவிடாதீர்கள்.

அறிகுறி: பிக்கார்டு ஓரத்தில் பிரிட்ஜிலிருந்து ஒலித்துளை வரை நீளும் விரிசல்

பழைய மார்ட்டினில் இது அடிக்கடி பார்க்கிற ஒன்று. செல்லுலாய்டு பிக்கார்டை லாக்கர் (பளபளப்பு மேல்பூச்சு) அடிக்கும் முன்பே வெறும் மரத்தில் நேராக ஒட்டினார்கள். செல்லுலாய்டு வருடங்கள் போகப் போகச் சுருங்கும், சுருங்கும்போது ஸ்ப்ரூஸையும் சேர்த்து இழுக்கும், மரம் விளிம்போரமாகப் பிளக்கும். விளிம்புகள் சுருண்டு எழுவதும் அதே காரணத்தால்தான்.

அவசரப்பட்டு எதையும் ஊற்ற வேண்டாம். கம்பியைத் தளர்த்தி, 50 சதவீத ஈரத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் காய்ந்து திறந்த விரிசல் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். மூடிய பிறகு சூடான வஜ்ஜிரத்தை உள்ளே தேய்த்து ஒட்டி, அடிப்பக்கத்தில் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டுகளை நாருக்குக் குறுக்காக ஒட்டினால் காலத்துக்கும் நிற்கும். சூப்பர் குளூ லாக்கரைக் கரைத்துக் கறையாக்கும், விரிசலுக்குள் இறங்கினால் அப்புறம் வேறு பசை பிடிக்காது. பிக்கார்டைக் கழற்ற வேண்டியிருந்தால் அதே துண்டை நிமிர்த்தித் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், இந்த முறை மரத்துக்கு மேல் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்துவிட்டு.

ஃபிரெட் முனைகள் விரலைக் கீறுவதும் வறட்சியின் அறிகுறிதான். ஈரப்பதம் சரியான பிறகும் கீறினால் மட்டும் அரம் போடுங்கள்.

அறிகுறி: சுருதி நிற்கவில்லை

டியூனரைக் குறை சொல்லும் முன் நட்டைப் பாருங்கள். சுருதி ஏற்றும்போது டிக் என்று சத்தம் வந்தால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. பென்சில் கிராஃபைட் தடவினால் போதும். திறந்த டியூனரின் பற்சக்கரத்துக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், திருகுக்கு லேசான முடுக்கு. உண்மையிலேயே தேய்ந்திருந்தால், பழைய திருகுத் துளைகளிலேயே பொருந்துகிற புதுசை வாங்குங்கள், அசல் செட்டைப் பையில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். புதுத் துளை போடவே கூடாது. மேலே போகப் போகச் சுரம் கூடிவிடுகிறது என்றால், பெரும்பாலும் கம்பி உயரம்தான் காரணம். அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அறிகுறி: சத்தம் மங்கல்

புதுக் கம்பி போட்டீர்களா? ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா? பிரிட்ஜ் சீவியதா? இந்த மூன்றும் இல்லையென்றால், கிட்டார் நெடுநாள் சும்மா கிடந்திருக்கலாம், சில வாரம் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மார்ட்டின் 1944 கடைசியில் பிரேஸ்களைக் குடைந்து மெலிதாக்குவதை நிறுத்தியது. கனமான கம்பி போட்டவர்களின் பலகைகள் உப்பிப் பழுதுக்குத் திரும்பிவந்ததுதான் காரணம். இதைப் படித்துவிட்டுச் சிலர் ஐம்பதுகளின் கிட்டாருக்குள் உளியை விட்டுப் போருக்கு முந்தைய சத்தம் வரவைக்கிறேன் என்பார்கள். அனுமதிக்காதீர்கள். ஐம்பதுகளின் 00-18க்கு அதற்கென்று ஒரு இறுக்கமான, சுத்தமான குரல் உண்டு. விரலால் வாசிக்கும்போது நடுக்கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். அந்தக் குரலுக்காகவே அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கம்பி 12-53ஐத் தாண்ட வேண்டாம். 11-52 போட்டால் சின்ன உடம்பு இன்னும் தாராளமாக ஒலிக்கும்.

அறிகுறி: பூச்சு பிசுபிசுப்பு, மெல்லிய கோடுகள், பெட்டி நாற்றம்

பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். வியர்வை படும் நெக்கிலும் முன்கை படும் ஓரத்திலும் இளகிப் பிசுபிசுக்கும். லேசாக ஈரமான பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஸ்பிரிட் பட்டால் லாக்கர் இளகும். சிலிக்கான் பாலிஷ் போட்டால் பின்னால் எந்த ஒட்டு வேலையும் பிடிக்காது. ரப்பர் உறை போட்ட ஸ்டாண்டில் வைத்தால் தொட்ட இடம் கரைந்து ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடி கீறிய மாதிரி மெல்லிய கோடுகள் குளிரால் வந்தவை. பழுது அல்ல. குளிரிலிருந்து வந்த பெட்டியை உடனே திறந்தால் கண்ணெதிரே புதுக் கோடுகள் விழும், அறை வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் மூடியே வையுங்கள். மொத்தப் பூச்சையும் சுரண்டிப் புதுசு அடித்தால் சந்தையில் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது வியாபாரிகளின் கணக்கு. அதைவிட, மேலே ஏறும் புதுப்பூச்சு தடித்துவிட்டால் பலகையின் அதிர்வே மாறிவிடும்.

பெட்டி நாறினால் கிட்டாரை வெளியே எடுத்து வைத்துவிட்டு வெறும் பெட்டியை ஒருநாள் வெயில் காட்டுங்கள், உள்துணியை வாக்குவம் போடுங்கள். வாசனைத் திரவியம் எதையும் அடிக்க வேண்டாம்.

வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் முன்

ஐம்பதுகளின் 00-18இல் ஃபிங்கர்போர்டும் பிரிட்ஜும் பிரேசில் ரோஸ்வுட். இந்த மரம் 1992இலிருந்து சைட்டீஸ் (அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019இல் மற்ற ரோஸ்வுட் வகைகளால் செய்த இசைக்கருவிகளுக்குக் கிடைத்த விலக்கு இதற்குக் கிடையாது. டொராண்டோவிலிருந்தோ நியூ ஜெர்ஸியிலிருந்தோ சென்னைக்கு இதைக் கொண்டுவருகிறவர்கள், கிளம்பும் நாட்டின் சைட்டீஸ் அலுவலகத்தில் உடன்படிக்கைக்கு முந்தைய பொருள் என்ற சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். அதற்கு ஆதாரம் உள்கட்டையில் இருக்கும் அந்த வரிசை எண்தான், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏற்றும் முன் கம்பிகளை ஒரு முழுச் சுரம் இறக்கி, ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் துணி வைத்து முட்டுக்கொடுங்கள். பெட்டி விழுந்தால் முதலில் முறிவது அந்த இடம்.